எட்கர் ஆலன் போவும் மௌனப்படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்கர் ஆலன் போ யார்? மௌனப்படக் காலத்து இயக்குநர்கள் அவரையே சுற்றிச் சுற்றி வந்தது ஏன்?

போ 1809 ஜனவரி 19 அன்று பாஸ்டனில் பிறந்து, 1849 அக்டோபர் 7 அன்று பால்டிமோரில் நாற்பது வயதில் இறந்த அமெரிக்கக் கதாசிரியர், கவிஞர். உயிரோடு புதைக்கப்பட்ட பெண், சுவருக்குள் வைத்துப் பூசப்பட்ட பிணம், தன்னைப் போலவே உருவம் கொண்ட இன்னொருவனால் துரத்தப்படும் மனிதன் என, இன்று திகில் படங்களில் நாம் பார்த்துப் பழகிவிட்ட பலவற்றுக்கும் அவருடைய கதைகளில் முன்மாதிரி கிடைக்கும்.

அவரைத் தேடிப் போனதற்குக் காசு சார்ந்த காரணமும் உண்டு. திரைப்படம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவர் இறந்துவிட்டதால், கதைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. அளவும் பொருந்தியது. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக ஒரு படைப்பு இருக்க வேண்டும் என்று 1846-இல் வெளியான தம் கட்டுரையில் அவரே வலியுறுத்தியிருந்தார். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் ஒற்றை ரீல் படத்துக்கு நாவலைச் சுருக்குவதைவிட, போவின் சிறுகதை ஒன்றை எடுத்துக்கொள்வது எளிதாக இருந்தது. பிரான்சில் கவிஞர் போதலேரின் மொழிபெயர்ப்புகள் 1850-கள் முதலே போவை எல்லோரும் அறிந்த பெயராக்கியிருந்தன. ஆகவே பாரிஸ் ஸ்டுடியோக்களுக்கு அவர் அயலூர்க்காரராகத் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. போவின் திகில் பெரும்பாலும் காதால் கேட்கப்படுவது. தரைப் பலகைக்கு அடியில் துடிக்கும் இதயம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அண்டங்காக்கை, சவப்பெட்டியின் மூடி பிளக்கும் ஓசை ஆகியவற்றை வாசகர் கண்ணால் காண்பதற்கு முன் செவியால் உணர்கிறார். அப்படிப்பட்ட கதைகளை, ஒலியே இல்லாத ஒரு கலை எடுத்துக்கொண்டு என்ன செய்தது என்பதுதான் இந்தப் படங்களை இன்றும் பார்க்கத் தூண்டுகிறது. கீழே வரும் பதில்களில் சில இந்தக் கேள்வியையே சுற்றி வரும்.

போவின் கதையைத் தழுவிய முதல் படம் எது?

1908-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் குறும்படத்தையே வழக்கமாகச் சொல்வார்கள். ‘ரூ மோர்க் கொலைகள்’ கதையில் வரும் கொலைகாரக் குரங்கை அப்படியே எடுத்துக்கொண்டு, போ படைத்த துப்பறிவாளர் தூப்பானின் இடத்தில் ஹோம்ஸை நிறுத்திவிட்டார்கள். படம் இன்று இல்லை. துப்பறியும் கதையின் தந்தை என்று கொண்டாடப்படும் போவின் முதல் திரைப் பிரவேசத்திலேயே அவருடைய துப்பறிவாளருக்கு வேலை போய்விட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

போவின் பெயரையே தலைப்பில் தவறாக எழுதிய படம் உண்டாமே?

உண்டு. போவின் நூற்றாண்டான 1909-இல் பயோகிராஃப் நிறுவனத்துக்காக டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த, ஏழு நிமிட அளவிலான படம் அது. ‘ஆலன்’ என்ற நடுப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’ போட்டுத் தலைப்பு அச்சானது. நூற்றாண்டு மரியாதைக்கு இப்படி ஒரு திருஷ்டிப் பொட்டு.

படத்தின் கதை இதுதான். நோயுற்ற மனைவி வர்ஜினியா படுக்கையில் கிடக்கிறாள். வறுமையில் வாடும் போவின் அறையில், சிலை ஒன்றின் மேல் திடீரென்று அண்டங்காக்கை தோன்றுகிறது. அவர் கவிதையை ஒரே மூச்சில் எழுதி முடித்து, பதிப்பாளர்களிடம் அலைந்து விற்று, கிடைத்த பணத்தில் மனைவிக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் இறந்து கிடக்கிறாள். உண்மையில் ‘அண்டங்காக்கை’ கவிதை வெளிவந்தது 1845 ஜனவரியில். வர்ஜினியா இறந்தது 1847 ஜனவரியில். இரண்டு ஆண்டுகளை ஒரு பிற்பகலாக மடித்துவிட்டார்கள். இங்கே போவின் கதை எதுவும் படமாகவில்லை, போவே கதாபாத்திரமாகிவிட்டார். பின்னாளில் வந்த பல படங்கள் இந்த வழியைப் பின்பற்றின.

அதே ஆண்டில் கிரிஃபித் எடுத்த இன்னொரு குறும்படத்தில், அரசன் ஒருவன் தன் மனைவியும் அவளுடைய காதலனும் இருக்கும் சிறிய அறையின் வாசலைச் சத்தமில்லாமல் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறான். போவின் ‘அமோன்டியாடோ பீப்பாய்’ கதையின் சாயலும், பால்சாக்கின் ஒரு கதையின் சாயலும் அதில் கலந்திருக்கின்றன. காதலனாக நடித்தவர் ஹென்றி வால்தால். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் போவின் கதையில் வரும் கொலையாளியாகவும், 1915-இல் வெளிவந்த ‘தி ரேவன்’ படத்தில் போவாகவுமே அவர் மீண்டும் வருவார்.

ஒலியில்லாத படத்தில் இதயத் துடிப்பை எப்படிக் காட்டினார்கள்?

இதற்கு மிகச் சிறந்த விடை 1914-இல் கிரிஃபித் எடுத்த ‘தி அவெஞ்சிங் கான்ஷியன்ஸ்’ என்ற முழுநீளப் படத்தில் இருக்கிறது. ‘பழிவாங்கும் மனச்சாட்சி’ என்று தமிழில் சொல்லலாம். போவின் ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையையும் ‘ஆனபெல் லீ’ கவிதையையும் சேர்த்துப் பிசைந்து செய்த கதை அது. மாமனின் வளர்ப்பில் இருக்கும் இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். மாமன் அதை எதிர்க்கிறார். இளைஞன் எப்போதும் போவின் கதைகளையே படித்துக்கொண்டிருப்பவன். ஒரு நாள் சிலந்தி ஈயைப் பிடிப்பதையும், எறும்புகள் ஒரு பூச்சியை மொய்த்துத் தின்பதையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இயற்கையே கொலையால் நடப்பதுதான் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். மாமனைக் கொன்று, உடலைக் கணப்படுப்பின் சுவருக்குள் வைத்துப் பூசுகிறான். மூலக் கதையில் பிணம் தரைப் பலகைக்குக் கீழே கிடக்கும். சுவரில் பூசும் வேலை ‘கறுப்புப் பூனை’ கதைக்கு உரியது.

துப்பறிவாளர் வந்து விசாரிக்கும் காட்சிதான் நாம் தேடுவது. இருவரும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். துப்பறிவாளர் கையிலுள்ள பென்சிலால் மேசையில் தட்டத் தொடங்குகிறார். திரையில் பென்சில் மட்டும் தெரிகிறது. அடுத்து, சுவர்க் கடிகாரத்தின் ஊசல் இப்படியும் அப்படியும் போய்வருகிறது. அடுத்து, தரையில் தாளம் போடும் பாதம். வெளியே மரத்தில் ஓர் ஆந்தை. மறுபடியும் பென்சில். இளைஞனின் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பின்னிக்கொள்கின்றன. எதற்கும் ஒலி கிடையாது. ஆனால் துண்டுக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி ஒட்டப்பட்ட கதியே ஒரு துடிப்பாக மாறி, பார்ப்பவரின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. போவின் கதையில் அந்த இதய ஒலி, பஞ்சில் பொதிந்த கைக்கடிகாரத்தின் ஓசைக்கு ஒப்பிடப்பட்டிருக்கும். கிரிஃபித் அந்த உவமையிலிருந்த கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காட்சியையே கட்டிவிட்டார்.

இவ்வளவு செய்த பிறகு, நடந்தது எல்லாம் இளைஞன் கண்ட கனவு என்று படத்தை முடித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கொலைகாரன் தப்பிக்கவும் கூடாது, கதாநாயகன் சாகவும் கூடாது என்ற சிக்கலுக்கு அன்றைய தயாரிப்பாளர்கள் கண்ட மலிவான வழி அது.

ஐரோப்பியர் போவை எப்படிக் கையாண்டார்கள்?

ரத்தத்தோடு. பாரிஸில் 1897-இல் தொடங்கிய கிராங் கின்யோல் என்னும் நாடக அரங்கு, மேடையில் கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது போன்ற காட்சிகளுக்குப் பேர்போனது. அதற்கு எழுதிக் குவித்தவர்களுள் ஒருவரான ஆந்த்ரே தெ லோர்த், போவின் ‘டாக்டர் தாரும் பேராசிரியர் ஃபெதரும்’ கதையை நாடகமாக்கினார். அந்த நாடகத்தை எக்லேர் நிறுவனத்துக்காக மொரீஸ் தூர்னர் 1913-இல் படமாக்கினார்.

மூலக் கதையைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஏனெனில் அது ஒரு நகைச்சுவைக் கதை. மனநோயாளிகள் காவலர்களைத் தாரில் முக்கி, இறகு ஒட்டி, நிலவறையில் அடைத்துவிட்டுத் தாங்களே மருத்துவமனையை நடத்துகிறார்கள். வந்த விருந்தாளி கடைசி வரை அதைப் புரிந்துகொள்வதில்லை. தெ லோர்த் அந்தச் சிரிப்பை உருவிவிட்டார். படத்தில், பார்வையிட வந்தவர்களிடம் மருத்துவர் தம் புதிய சிகிச்சை முறையை நிதானமாக விளக்குகிறார்: முதலில் ஒரு கண்ணைத் தோண்ட வேண்டும், பிறகு கழுத்தை அறுக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, மூடிய கதவின் அடியிலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்து வருகிறது. கொலை நமக்குக் காட்டப்படுவதே இல்லை. பைத்தியம் யார், மருத்துவர் யார் என்ற இந்தக் குழப்பத்தை 1920-இல் ‘டாக்டர் காலிகாரி’ படம் உலகறியச் செய்தது.

பெண் இயக்குநர் யாரேனும் போவைப் படமாக்கியிருக்கிறார்களா?

ஆலிஸ் கி-பிளாஷே. கதைப்படங்களை இயக்கிய முதல் பெண் இவர்தான். அமெரிக்காவில் தாம் நிறுவிய சொலாக்ஸ் நிறுவனத்துக்காக 1913-இல் ‘கிணறும் ஊசலும்’ கதையை மூன்று ரீல் படமாக எடுத்தார். கட்டிப்போடப்பட்ட கைதியின் கயிறுகளை எலிகள் கடித்து அறுக்கும் காட்சிக்கு உண்மையான எலிகளையே பயன்படுத்தினார். அவை கயிற்றைக் கடிப்பதற்காக அதில் தீனியைப் பூசியிருந்தார்கள். நடிகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். படத்தின் ஒரு பகுதி மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

‘பிராக் நகர மாணவன்’ போவின் படமா?

பாதி ஆம். 1913-இல் ஜெர்மனியில் ஸ்டெல்லான் ரியே இயக்கிய இந்தப் படத்துக்குக் கதை எழுதியவர் ஹான்ஸ் ஹைன்ஸ் ஏவர்ஸ். அவர் போவைப் பற்றித் தனி நூலே எழுதிய அளவுக்கு அவர் மேல் பித்துக் கொண்டவர். போவின் ‘வில்லியம் வில்சன்’ கதையும், பிசாசுக்கு ஆன்மாவை விற்ற ஃபாஸ்ட் கதையும், பிரெஞ்சுக் கவிஞர் முஸ்ஸேயின் ஒரு கவிதையும் இதில் கலந்துள்ளன. ஆகவே தழுவல் என்பதைவிட, போவின் வித்திலிருந்து வேறு மண்ணில் முளைத்த செடி என்று சொல்வது பொருத்தம்.

வாள்வீச்சில் வல்ல, ஆனால் கையில் காசில்லாத பால்துவின் என்ற மாணவனிடம் ஸ்காப்பினெல்லி என்ற கிழவன் ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறான். ஒரு லட்சம் பொற்காசு தருவதற்கு ஈடாக, இந்த அறையில் இருக்கும் எதை வேண்டுமானாலும் நான் எடுத்துக்கொள்வேன் என்கிறான். வெறும் அறையில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மாணவன் கையெழுத்திடுகிறான். கிழவன் கண்ணாடியைச் சுட்டுகிறான். அதில் தெரியும் பிம்பம் சட்டத்தைத் தாண்டி அறைக்குள் இறங்கி, கிழவனோடு வாசல் வழியே நடந்து போய்விடுகிறது. வில்சனின் கதையில் இரட்டையன் யார் என்பது கடைசி வரியில்தான் உறைக்கும். இங்கே அவன் முதலிலேயே நம் கண்ணெதிரே பிறந்துவிடுகிறான். பிம்பத்தைச் சுடும்போது சாவது சுட்டவன்தான் என்ற முடிவு மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று.

ஒளிப்பதிவாளர் கீடோ சேபர் இதைச் சாதித்த முறை, பின்னாளில் உலகெங்கும் இரட்டை வேடப் படங்களுக்கு உதவிய அதே முறைதான். லென்சின் ஒரு பாதியை மறைத்துவிட்டு ஒரு முறை படம்பிடிக்க வேண்டும். பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு முறை படம்பிடிக்க வேண்டும். கேமரா மயிரிழை அசைந்தாலும் நடுவில் தழும்பு தெரியும். கையால் கைப்பிடியைச் சுழற்றிப் படம்பிடித்த காலம் அது. நடிகர் எதிரில் இல்லாத தம்மையே பார்த்து, சரியான கணத்தில் திடுக்கிட வேண்டும். மாணவனாக நடித்த பால் வேகனருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. எந்தக் கல்லூரியில் இத்தனை ஆண்டு படித்தான் என்று கேட்கத் தோன்றினாலும், அவர் முகத்தில் படரும் அச்சத்தைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி மறந்துபோகும். உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ராங்க் இரட்டையரைப் பற்றி 1914-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வை இந்தப் படத்திலிருந்துதான் தொடங்கினார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் போ என்ன ஆனார்?

1919-இல் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் எடுத்த ஐந்து கதைப் படத்தில் ‘கறுப்புப் பூனை’யும் ஒன்று. நள்ளிரவில் ஒரு பழைய புத்தகக் கடையில் மாட்டியிருக்கும் சாத்தான், மரணம், வேசி ஆகிய மூன்று ஓவியங்களும் சட்டத்திலிருந்து இறங்கி, அங்கிருக்கும் புத்தகங்களைப் புரட்டிக் கதை படிக்கின்றன. கான்ராட் வைட், ரைன்ஹோல்ட் ஷூன்ட்செல், அனிதா பெர்பர் ஆகிய மூவருமே எல்லாக் கதைகளிலும் மாறி மாறி நடிக்கிறார்கள். அதே ஆண்டில் ஃபிரிட்ஸ் லாங் எழுதி வெளிவந்த ‘ஃபிளாரன்ஸில் கொள்ளைநோய்’ படத்தில், ‘செஞ்சாவு’ என்ற கொள்ளைநோயே உருவெடுத்து விருந்துக்குள் நுழையும் போவின் ‘செஞ்சாவின் முகமூடி விருந்து’ கதையின் நிழல் விழுந்திருக்கிறது.

அந்தச் செஞ்சாவை வண்ணத்தில் காண விரும்புவோர் 1925-இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’வின் முகமூடி விருந்துக் காட்சியைப் பார்க்கலாம். படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. ஆனால் மண்டையோட்டு முகத்தோடு லான் சேனி படிக்கட்டில் இறங்கி வரும்போது மேலங்கி செக்கச்செவேலென்று தெரியும்.

1926-இல் வந்த ‘தி பெல்ஸ்’ படம் போவின் ‘மணிகள்’ கவிதையிலிருந்து எடுத்ததுதானே?

இல்லை. பெயர் ஒற்றுமையால் நேரும் குழப்பம் இது. லயனல் பேரிமோரும் போரிஸ் கார்லோஃபும் நடித்த அந்தப் படம் ஒரு பழைய பிரெஞ்சு நாடகத்திலிருந்து வந்தது. கொலை செய்தவன் காதில் மணியோசை விடாமல் ஒலிப்பதாகக் கதை அமைந்திருப்பதால், போவின் பட்டியலில் அதைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

1928-இல் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ இரண்டு முறை படமானது உண்மையா?

உண்மை. பேசும் படம் வந்து மௌனப்படத்தின் காலம் முடியப்போகும் ஆண்டில், ஒன்று பிரான்சிலும் மற்றொன்று அமெரிக்காவிலும் உருவானது. ஒன்றைப் பற்றி மற்றதற்குத் தெரியாது என்று சொல்லும் அளவுக்கு இரண்டும் வேறுபட்டவை.

ஷான் எப்ஸ்டைன் எடுத்த பிரெஞ்சுப் படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். போவின் கதையில் ராடரிக் அஷரும் மேடலினும் இரட்டைப் பிறவிகள்; எப்ஸ்டைன் அவர்களைக் கணவன் மனைவி ஆக்கிவிட்டார். உடன்பிறந்தோர் உறவில் போ வைத்திருந்த நெருடல் இதனால் காணாமற்போனது என்று குறைபடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மாற்றம், போவின் இன்னொரு கதையான ‘நீள்வட்ட ஓவியம்’ உள்ளே நுழைய வழி செய்தது. ஓவியன் மனைவியை வரைய வரைய, அவள் உயிர் துணிக்கு ஏறிக்கொண்டே போகிறது. சட்டத்துக்குள் ஓவியமாகத் தெரிவது உண்மையில் நடிகை மார்கரித் கான்ஸேதான். ஓவியம் கண் இமைக்கும்போது, அதை வரையும் ராடரிக்குக்குப் பின்னால் அவள் துவண்டு விழுகிறாள்.

இறுதி ஊர்வலக் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. நான்கு பேர் சவப்பெட்டியைக் காட்டு வழியே சுமந்து போகிறார்கள். மணப்பெண்ணின் வெண்முகத்திரை பெட்டிக்கு வெளியே வழிந்து, புல்லிலும் நீரிலும் புரண்டு வருகிறது. அந்தக் காட்சியின் மேலேயே மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டு நகர்கின்றன. வீட்டுக்குள் திரைச்சீலைகள் ஸ்லோ மோஷனில் உப்பி எழ, சருகுகள் கூடத்தில் ஓட, கேமராவும் தரையோடு தரையாக அவற்றின் பின்னால் ஓடுகிறது. ராடரிக் கித்தார் மீட்டும்போது திரையில் நீரும் மரக்கிளைகளும் மாறி மாறி வருகின்றன; இசையைக் காற்றாக மாற்றிக் காட்டுகிறார் எப்ஸ்டைன். கிரிஃபித் ஒலியை வேகத்தால் காட்டினார் என்றால், இவர் அதைத் தாமதத்தால் காட்டினார். கேட்க முடியாத ஒரு வீட்டில் எல்லாமே காது கொடுத்துக் காத்திருப்பது போல இருக்கும்.

முடிவு மட்டும் போவுடையது அன்று. மூலத்தில் இருவரும் மாண்டு, மாளிகை ஏரிக்குள் அமிழும். படத்தில் இருவரும் உயிர் தப்புகிறார்கள். இதில் உதவி இயக்குநராகச் சேர்ந்த லூயி புனுவல், எப்ஸ்டைனோடு முரண்பட்டு விலகினார். ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரின் பெயர் ழார்ஜ் லூக்காஸ். விண்வெளிப் படங்களுக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

அமெரிக்கப் படத்தின் சிறப்பு என்ன?

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ஜேம்ஸ் சிப்லி வாட்சனும் மெல்வில் வெபரும் எடுத்த அது பதின்மூன்று நிமிடம்தான் ஓடும். இருவருமே திரைத்துறைக்காரர் அல்லர். வாட்சன் இலக்கிய இதழ் நடத்திய மருத்துவர்; பின்னர் எக்ஸ்-ரே வழியாகத் திரைப்படம் எடுக்கும் ஆய்வில் ஈடுபட்டவர். மேடலினாக நடித்தவர் அவர் மனைவி ஹில்டகார்ட். பட்டகக் கண்ணாடிகளை லென்சின் முன் வைத்து, ஒரே உருவத்தை உடைத்து அடுக்கடுக்காகக் காட்டினார்கள். கதையைப் படிக்காமல் பார்த்தால் ஒன்றும் புரியாது. படித்துவிட்டுப் பார்த்தால் கதையைச் சுரம் வந்த நேரத்தில் நினைத்துப் பார்ப்பது போலிருக்கும். வசன அட்டைகளுக்குப் பதிலாக, ‘துடிப்பு’, ‘விரிசல்’, ‘அலறல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் எழுத்து எழுத்தாகத் திரையில் மிதந்து வருகின்றன. ஒலி எழுத்தாகவே வந்துவிட்டது. 2000-இல் இந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அதே 1928-இல் சார்லஸ் கிளைன் ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையைக் கோணல்மாணலான அரங்க அமைப்புகளோடு குறும்படமாக்கினார். அதன் ஒளிப்பதிவாளர் லியோன் ஷாம்ராய் பின்னாளில் நான்கு முறை ஆஸ்கார் வென்றவர்.

இவற்றுள் பல தொலைந்துபோனது எப்படி?

அன்றைய பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது, தீப்பிடிக்காவிட்டாலும் காலப்போக்கில் பிசினாகி, பின்பு பொடியாகும். பேசும் படம் வந்த பிறகு பழைய சுருள்களுக்குச் சந்தை இல்லை என்று நிறுவனங்களே அவற்றைக் கழித்துக்கட்டின. சிலர் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக உருக்கினார்கள். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது.

இவற்றை இணையத்தில் பார்ப்பதும் பகிர்வதும் சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் 1929-க்கு முன் வெளியான படங்கள் அனைத்தும் இப்போது பொதுவுடைமை. ஆனால் பின்னாளில் சேர்க்கப்பட்ட இசைக்குத் தனி உரிமை இருக்கலாம். மறுசீரமைக்கப்பட்ட பிரதிகளுக்கும் சிலர் உரிமை கோருவது உண்டு. ஐரோப்பிய நாடுகளில் கலைஞர் இறந்த ஆண்டிலிருந்து கணக்கு வேறு விதமாகப் போகும். எனவே பார்ப்பதற்குக் கவலை வேண்டாம். பகிர்வதற்கு முன் இசைக்கு உரியவர் யார் என்று பாருங்கள்.

எந்த வேகத்தில், எந்த இசையோடு பார்ப்பது நல்லது?

35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டங்கள். நொடிக்குப் பதினாறு சட்டம் ஓட்டினால் ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினாறரை நிமிடத்துக்கு மேல் வரும். அதையே நொடிக்கு இருபத்துநான்காக ஓட்டினால் பதினொரு நிமிடத்தில் முடிந்து, எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். திகில் கேலியாகிவிடும். மனிதர்கள் இயல்பாக நடக்கிறார்களா என்பதைப் பார்த்தே பிரதியைத் தேர்ந்தெடுங்கள். மௌனப்படங்கள் திரையரங்கில் பெரும்பாலும் மௌனமாகத் திரையிடப்பட்டதில்லை. பியானோவோ ஆர்கனோ சிறு இசைக்குழுவோ உடன் இருக்கும். இருந்தாலும் கிரிஃபித்தின் அந்த விசாரணைக் காட்சியை மட்டும் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். பல பிரதிகளில் இசையமைப்பாளர்கள் பென்சில் தட்டும் இடத்தில் முரசை வைத்து, நாம் செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே செய்துவிடுகிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

தூர்னரின் பதினைந்து நிமிடப் படத்தில் தொடங்குங்கள், பொறுமையைச் சோதிக்காது. அடுத்து ‘பிராக் நகர மாணவன்’. கிரிஃபித்தின் 1914 படத்தை அதன் பிறகு, கனவு முடிவுக்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு பாருங்கள். எப்ஸ்டைனின் படத்தைக் கடைசியாக, போவின் மூலக் கதையைப் படித்த இரவே, விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நலம். அதில் ஓரிடத்தில் கடிகாரத்தின் ஊசல் ஸ்லோ மோஷனில் அசையும். அப்போது அறையில் வேறு கடிகாரம் எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.